இரண்டு அட்டையையும் நானே கொடுத்தேன்: நெதர்லாந்தில் ஏழு இரவு கப்பலில்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் சமயநல்லூரில் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் விழுந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கப்பட்டவன் நான். அதற்கப்புறம் நீச்சல் என்ற பேச்சையே எடுத்ததில்லை. வைகை எனக்குத் தோதான ஆறு, வருடத்தில் பாதி நாள் செருப்பு நனையாமல் கடக்கலாம்.

அப்படிப்பட்டவன் கப்பலேறியதற்குக் காரணம் என் மனைவி தனம். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறதே, என்ன வேண்டும் என்று கேட்டேன். வளையல் கேட்பாள் என்று நினைத்தேன். "டூலிப் பூ பாக்கணும். கப்பல்ல போயிப் பாக்கணும்" என்றாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அன்றைக்கே புக் செய்துவிட்டாள். பூ நன்றாக இருக்கும் என்று ஏப்ரல் மூன்றாவது வாரம்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: கப்பல் ஆளுக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். சாப்பாடும், ஊர் சுற்றிக்காட்டும் பஸ்ஸும் அதில் சேர்த்தி. விமானம் சென்னையிலிருந்து துபாய் வழியாக ஆம்ஸ்டர்டாம், ஆளுக்கு எழுபத்திரண்டாயிரம். வெளிநாட்டு போன் ரீசார்ஜ் பேக் 3,999 ரூபாய். ஒரு போனுக்குப் போட்டால் போதாதா என்று என்னுடையதற்கு மட்டும் போட்டேன். ஆரப்பாளையத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவனுக்கு இந்தப் புத்தி தானாக வரும்.

கப்பல் நூற்றுப்பத்து மீட்டர் நீளம், மூன்று தளம். எங்களுக்கு அடித்தளத்தில் அறை. முதல்நாள் சாயங்காலம் ஜன்னல் திரையை விலக்கினால் ஒரு வாத்து என் கண் மட்டத்தில் நீந்திப் போகிறது. அப்படியென்றால் என் கட்டில் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. மேல்தளத்துக்குப் போய் நிம்மதியாக மூச்சு விடலாம் என்றால், கரைக்கு அந்தப் பக்கம் மாடுகள் கால்வாயைவிடப் பள்ளத்தில் மேய்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் தூங்குகிறார்களோ. நான் லைஃப் ஜாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். தனம் சிரித்தாள்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் இறங்கும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். திரும்பி வந்ததும் வரவேற்பு மேசையில் அதைக் கொடுக்க வேண்டும். எல்லா அட்டையும் வந்துவிட்டால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், கப்பல் கிளம்பும். இரண்டு அட்டையும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாவதற்கு முன் எத்தனையோ வருடம் அவள் முன்வாசலில் ஏறுவாள், நான் பின்வாசலில் ஏறி, "ரெண்டு சமயநல்லூர், ஆள் முன்னால இருக்கு" என்பேன். அது ஊறிப்போன பழக்கம்.

மூன்றாம் நாள் உட்ரெக்ட். ஊரைச் சுற்றிவிட்டுப் பஸ் 4.05க்குத் துறைக்குத் திரும்பியது. கப்பல் 4.30க்கு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து கப்பலுக்கு இருநூறு மீட்டர் நடை. நடந்து வந்து கப்பலேறும் ஏணிப்பாலத்தில் கால் வைக்கும்போது தனம் நின்றுவிட்டாள்.

"கண்ணாடிய பஸ்ஸுலயே வச்சுட்டேன். நீங்க ஏறுங்க, எடுத்துட்டு வாரேன்."

நான் ஏறி இரண்டு அட்டையையும் நீட்டினேன். மேசையிலிருந்த பெண், "மேடம்?" என்றாள். "பின்னால வர்றாங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிப் பலகையில் மாட்டினாள். நான் மேல்தளத்துக்குப் போய், போனில் கால்வாயைப் படம் பிடிக்கத் தொடங்கினேன். கப்பல் சரியான நேரத்துக்கு நகர்ந்தது.

ஒன்பது டிகிரிக் குளிர் தாங்காமல் 4.55க்கு அறைக்கு இறங்கினேன். தனம் இல்லை. குளியலறையில் இல்லை. சாப்பாட்டு ஹாலில், நூலகத்தில், பின்பக்கத் தளத்தில், எங்கும் இல்லை. மேசைப் பெண்ணிடம் ஓடினேன். அவள் அட்டையைத் தொட்டுப் பார்த்து, "கப்பலில்தான் இருக்கிறார், சார்" என்றாள். ஒலிபெருக்கியில் "டானம், டானம்" என்று கூப்பிட்டார்கள். நாலு பேர் நாலு பக்கம் தேடினார்கள். ஒவ்வொருவராக வந்து தலையை ஆட்டினார்கள்.

அப்போது நெட்டையான ஓர் அதிகாரி வந்தார். என் தோளில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார், "அவருக்கு நீச்சல் தெரியுமா?"

கப்பலுக்குள் இருக்கிறாள், ஆனால் கப்பலில் எங்குமில்லை என்றால் மிச்சம் இருப்பது தண்ணீர்தான். பின்பக்கத் தளத்தின் கம்பி என் இடுப்பளவுதான் இருந்தது. அவளை இந்தத் தண்ணீருக்குக் கூட்டிவந்தது நான்.

"அவர் கப்பலில் ஏறியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" என்று அடுத்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். முப்பது வருடப் பெண்டாட்டி ஏறினாளா இல்லையா என்று தெரியாது என எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். "பார்க்கவில்லை. அட்டையை நான்தான் கொடுத்தேன்."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் டிரைவருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. தண்ணீர்ப் பயம் போய் இப்போது கரைப் பயம் பிடித்தது. பாஸ்போர்ட் கப்பலில், போன் பேக் என்னிடம், பணம் என்னிடம். மெல்லிய சால்வையோடு, பாஷை தெரியாத ஊரில் அவள். பஸ்ஸும் போயிருந்தால்? பத்து நிமிடம் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிறகு டிரைவரே கூப்பிட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லையாம். தனம் அவரோடு இருந்தாள். எங்கள் கப்பல் அடுத்து நிற்க வேண்டிய லாக்கில் இருவரும் காத்திருந்தார்கள். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தொட்டி மாதிரி. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கம் அனுப்புவார்கள். வரிசையில் காத்துத்தான் போக வேண்டும்.

5.40க்கு, லாக்கில் கப்பல்கள் காத்திருக்கும் சுவரோரம் எங்கள் கப்பல் அணைந்தது. கரையில் டிரைவரின் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு தனம் நின்றாள், கையில் காப்பி. ஏணிப்பாலத்தில் ஏற்றிவிட்ட டிரைவர் என்னிடம் சொன்னார்: "கப்பல் பெயர், அறை எண், அடுத்து எங்கே நிற்கும், எல்லாம் உங்கள் மனைவி சொன்னார். லாக்கில் கொண்டுபோய் விடுங்கள் என்று சொன்னதும் அவர்தான்." தினமும் காலையில் அன்றைய பயண விவரத்தோடு அறைக்குள் ஒரு தாள் போடுவார்கள். நான் அதில் சாப்பாட்டு நேரம் மட்டும் பார்ப்பேன்.

எல்லார் முன்னாலும் அழுதேன். "பயந்துட்டியா?" என்றேன்.

"பயப்படாம? கண்ணாடி சீட்டுக்கு அடியில விழுந்து கெடந்துச்சு, தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள கப்பல் கெளம்பிருச்சு. கப்பல் நகரும்போது கரையில நின்னு அம்புட்டு நேரம் கையக் காட்டுனேன். நீங்க போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னீங்க. பெறகு டிரைவர் அண்ணே பஸ்ஸ எடுத்துருவாரேன்னு ஓடுனேன்."

மிச்ச நாட்களில் காற்றாலைகள் பார்த்தோம், டூலிப் தோட்டத்தில் நாலு மணி நேரம் நடந்தோம். பூ நன்றாகத்தான் இருந்தது. நான் பூவைவிட அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கழிவறைக்குப் போனால்கூட வாசலில் நின்றேன். அவளுக்கு எரிச்சல்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். அவரவர் அட்டை அவரவர் கையில் இருக்கட்டும். இரண்டு போனுக்கும் பேக் போடுங்கள். அந்தத் தாளைப் படித்து, அடுத்த துறையின் பெயரை எழுதிப் பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டின் நகலும் ஐம்பது யூரோவும் ஆளுக்குத் தனித்தனியாக. ஏப்ரலில் தடித்த ஸ்வெட்டர் கட்டாயம். தண்ணீர் பயம் உள்ளவர்கள் காசு பார்க்காமல் மேல்தள அறை எடுங்கள்.

இதை எழுதி முடித்துத் தனத்திடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பகுதியில் "உட்ரெக்டில் தனம் தொலைந்துபோனாள்" என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க தொலைஞ்சேன்? நின்ன எடத்துலதான் நின்னேன். போனது நீங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன்.