கியர்பாக்ஸில் ஊற்றிய கஞ்சத்தனம்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஜாசின் சந்தையைத் தாண்டிய மேட்டில் என் கார் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. பக்கத்தில் மனைவி கமலா. ஒன்பதரைக்கு மலாக்காவில் அவளுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் இதே ஓட்டம். அதற்காகத்தான் பெட்ரோலை அளந்து குடிக்கும் சின்ன காராகத் தேடி வாங்கினேன்.

ஊர்ந்து ஊர்ந்து புஷ்பாவின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். கியர்பாக்ஸ் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். இப்போது கணவரோடு சொந்தப் பட்டறை. காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது கியர் எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டேன்.

மாற்றியது நான்தான் – போன மாதம், வீட்டு வாசலில். பழைய காருக்கு வாங்கி மிச்சமிருந்த எண்ணெய். எல்லாம் ஒன்றுதானே என்று கமலாவிடம் பெருமை வேறு அடித்திருந்தேன். இப்போது அவள் முன்னால் எப்படிச் சொல்வது? வேறு யாரோ மாற்றியதாகச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது... அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நல்ல வேளை சொன்னீங்க அங்கிள். இல்லன்னா கியர்பாக்ஸயே கழட்டியிருப்பேன்,” என்றார் புஷ்பா.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் இந்த மாதிரிக் காரில் பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக மாறுவதில்லையாம். இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓட, கப்பிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். பட்டை வழுக்காமலிருக்க அதற்கென்றே தனி எண்ணெய். அந்தப் பட்டைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தொழிற்சாலையில் புஷ்பாவின் வேலை. எல்லோரும் பெட்ரோல் மிச்சம் கேட்கக் கேட்க, பாகங்களில் மயிரிழைத் தவறுக்கும் இடமில்லாமல் போனது என்றார்.

மணி எட்டரை. டாக்சி கூப்பிட நான் போனை எடுப்பதற்குள் தன் கார் சாவியை நீட்டினார்.

“என் காடிய எடுத்துட்டுப் போங்க லா. ஆண்ட்டிக்கு லேட்டாகக் கூடாது.”

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான் ஊற்றிய எண்ணெயைப் புஷ்பா வடித்து, சரியானதை ஊற்றி, ஓட்டி, மறுபடியும் வடித்து... வியாழக்கிழமை அதே மேட்டில் கார் சத்தமில்லாமல் ஏறியது. பட்டை தப்பித்துவிட்டது. புஷ்பாவைப் போல யாரோ ஒரு பெண், எந்தத் தொழிற்சாலையிலோ நின்று, எங்களுக்காக அதில் கீறல் தேடியிருப்பாள். அவளுக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

கமலா இதுவரை என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதற்கும் நன்றி – கொஞ்சம் பயத்தோடு.