தோழர் வீட்டுப் புளி

பெரியம்மாளைத் திமிர் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் முப்பது வருஷமாகப் புளி தட்டிக் கொட்டை எடுப்பவள் அவள். வலது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருக்கும், மீதியைச் சுத்தியல் வாங்கிக்கொண்டது. புருஷன் செத்தபோதுகூட யாரிடமும் கை நீட்டாதவள். அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கட்சி உறுப்பினர் அட்டை.

அதற்கு ஒரு வருஷம் வகுப்புக்கு வர வேண்டும் என்றார்கள். ஞாயிறுதோறும் தோழர் ரஞ்சித்குமார் வீட்டுக் களத்தில் வகுப்பு. வக்கீல், நன்றாகப் பேசுவார், பொய் சொல்லக் கூடாது. புளியந்தோப்பும் அவருடையதுதான். எங்கள் ஊரில் பொம்பளைகள் கூடினால் கை சும்மா இருக்கக் கூடாது, எழவு வீட்டில்கூட எதையாவது ஆய்ந்துகொண்டிருப்போம். அதனால் மாசி பங்குனியில் அவர் வீட்டுப் புளி எங்கள் முன்னால் குவிந்து கிடக்கும். பாடம் கேட்டுக்கொண்டே தட்டுவோம். எட்டுப் பேர், மூன்று மணி நேரம். கூலியா? கட்சி வகுப்பில் கூலியைப் பற்றி யார் வாய் திறப்பது! நானும்தான் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

அவளுக்கு அட்டை தருவதாகச் சொன்ன ஞாயிறு, பாடம் உபரி மதிப்பு.

"தொழிலாளி எட்டு மணி நேரம் உழைக்கறாங்க. அதுல கொஞ்ச நேரத்து உழைப்புக்குத்தான் கூலி வருது. மிச்ச உழைப்பு முதலாளி வூட்டுக்குப் போவுது. அந்த மிச்சந்தான் உபரி" என்று தோழர் அழகாக விளக்கினார்.

பெரியம்மாள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"தோழரு, ஒரு சந்தேகங்க. கொஞ்ச நேரத்துக்காவது கூலி குடுக்கறவன் முதலாளிங்கறீங்க. ஒரு நிமிசத்துக்கும் குடுக்காதவன் பேரு என்னங்க?"

தோழர் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, இது நீங்க அன்புல செய்யறது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அன்புன்னா, எங்க வூட்டு மாட்டுச் சாணிய ஒரு நாளாவது வந்து அள்ளுனீங்களா?"

அவர் கொடுக்க எடுத்து வைத்திருந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். இன்னும் ஆறு மாசம் பக்குவப்பட வேண்டுமாம். பக்குவமாம், பக்குவம்! போன வருஷமே எனக்கு அட்டை கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பாடத்தில் ஒரு எழவும் விளங்கியதில்லை. விளங்கியவளுக்கு அட்டை இல்லை. ஊருக்குத்தான் உபதேசம், அடப்பாவிகளா!

திரும்பும் வழியில் பெரியம்மாள் அழுதாள். "கார்டுல என் பேரு எழுதியிருந்துச்சு, பாத்தேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். முதல் ஆளாக வந்து முன்னால் குந்தியிருந்தாள். சுத்தியல் கொண்டுவரவில்லை. அதைப் பார்த்து நாங்கள் ஏழு பேரும் எங்கள் சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தட்டாத புளி குவியலாகக் கிடந்தது. தோழர் வந்தார். புளியைப் பார்த்தார். மடியில் கிடந்த எங்கள் கைகளைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன பாடம்னா..." என்று இழுத்தார்.

"போன வாரம் கேட்டதுக்கே இன்னும் பதில் வரலைங்க, தோழரு" என்றாள் பெரியம்மாள். "அதுல இருந்து ஆரம்பிங்க."