மடிப்பில் போன முகம்

படப் புத்தகங்களுக்கு மார்க் போடுவது எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். கல்லூரியில் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவையே இதற்கும் வைத்திருக்கிறேன். ஒரு சிற்றிதழில் அவ்வப்போது எழுதுகிறேன். பத்துக்கு ஏழுக்கு மேல் எந்தப் புத்தகத்துக்கும் கொடுத்ததில்லை.

போன வருஷம் அந்த இதழிலிருந்து மூன்று தடித்த புத்தகங்கள் பார்சலில் வந்தன. மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே தொடங்கி இன்னும் வந்துகொண்டிருக்கும் ஓர் ஆங்கில உளவாளிப் பட வரிசை. கதாநாயகனாக நடிப்பவர் மாறுவார், கார் மாறும், வில்லன் பதுங்கும் தீவு மாறும். கோட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி ஒட்டாது. மூன்றில் எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் புத்தகம் படக் கம்பெனியே போட்டது. கல்யாண வாழ்த்துமடல் மாதிரி, அதில் எல்லாரும் நல்லவர்கள். எந்தப் படமும் ஊத்திக்கொள்ளவில்லை, எந்த நடிகரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஐந்து மார்க். இரண்டாவதை ஒரு ரசிகர் எழுதியிருந்தார். கார்களின் நம்பர் பிளேட் வரைக்கும் தகவல் சுத்தம், ஆனால் படங்கள் தபால்தலை அளவு. ஏழு கொடுத்தேன். மூன்றாவது முழுக்கப் புகைப்படங்கள், படப்பிடிப்பு நடந்த இடங்களிலேயே எடுத்தவை. அச்சு அருமை. ஆனால் நல்ல படங்களையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு இழுத்துப் பரப்பியிருந்தார்கள். அப்படிச் செய்தால் நடுவில் நிற்கிற ஆள் இரண்டு பக்கமும் சேரும் தையல் மடிப்புக்குள் போய்விடுவார். ஒரு காதும் ஒரு தோளும்தான் மிஞ்சும். இந்தத் தப்பை நான் மன்னிப்பதே இல்லை. நாலு போட்டு மூடினேன்.

கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதியில் அக்கா வீட்டில் சாப்பாடு. புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். மச்சான், அதாவது அக்காவின் கணவர், பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, பைக்குள்ள கல்லா?" என்றார். என்ன புத்தகம் என்று சொன்னதும் வண்டியைத் திருப்புவதில் மும்முரமாகிவிட்டார்.

காரணம் உண்டு. மச்சான் முன்பு வளைகுடாவில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். அவர் இருந்த ஊருக்கே இந்த உளவாளிப் படத்தின் படப்பிடிப்பு வந்தது. கம்பி நட, விளக்குத் தூக்க ஆள் எடுத்தார்கள்; இவரும் சில நாள் போனார். அக்காவுக்கு போன் பண்ணி, "படத்துல நான் இருக்கேன்" என்றார். செய்தி சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. அவர் லீவில் வந்தபோது படத்தின் டிஸ்க் கிடைத்தது. ஒரு காதுகுத்து வீட்டில், அத்தனை பேர் முன்னால், நான்தான் லேப்டாப்பில் ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். மச்சான் எங்கேயும் இல்லை. "வெட்டி எறிஞ்சுட்டாங்க போல மச்சான்" என்று தீர்ப்பும் சொன்னேன். வீடே சிரித்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது அளந்துவிட்டால், "மச்சான் நடிச்ச படம் மாதிரி" என்று சொன்னால் போதும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எங்களோடு உட்கார்ந்து சினிமா பார்த்ததே இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் பேச்செடுத்தால் அக்காவே, "சரி சரி, போதும்" என்று வெட்டிவிடுவாள். அவர் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது எங்களுக்குப் பழகிப்போனது.

சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்து நான் படக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா மூன்றாவது புத்தகத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"டேய், இந்தக் கை யாருதுன்னு பாரு."

மணல்வெளி. கதாநாயகனுக்கு ஒருவர் டை சரிசெய்கிறார். பக்கத்தில் வெளிச்சம் திருப்புகிற வெள்ளித் தகடு ஒன்று. அதைப் பிடித்திருக்கும் ஆள் மடிப்புக்குள் போய்விட்டார். தெரிவது ஒரு கை மட்டும். அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பம்ப்செட் பெல்ட்டில் மாட்டிய விரல் மச்சானுக்கு அப்படித்தான் இருக்கும்.

"கோணல் விரல் எத்தனையோ பேருக்கு இருக்கும்க்கா" என்றேன்.

அவள் காதில் வாங்கவில்லை. புத்தகத்தைத் தரையில் விரித்து, சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி இரண்டு கையாலும் அழுத்தினாள். புத்தகத்தின் முதுகு மொடுக்கென்று முறிந்தது. கை கழுவாமல் புத்தகத்தைத் தொடாத ஆள் நான், நானும் சேர்ந்து குனிந்து பார்த்தேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு முகம் வெளியே வந்தது. அடர்ந்த மீசை, வெயிலுக்குச் சுருக்கிய கண், ஒட்டிய கன்னம். மச்சான்தான்.

"போட்டோன்னு சொல்லியிருக்கலாம்ல மச்சான்?" என்றேன்.

"படம்னுதானே மாப்ள சொன்னேன். ஒருத்தரு படம் புடிச்சாரு, பொஸ்தகத்துல வரும்னாரு. நீங்க போயி சினிமாவுல தேடுனீங்க."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுட்டீங்க."

சினிமாவும் படம், போட்டோவும் படம். வகுப்பில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். வெட்கமாக இருந்தது. "தப்பு என்னோடதுதான் மச்சான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அக்கா இன்னும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப எளைச்சுல்ல போயிருந்திருக்கீங்க" என்றாள். "சாப்பாடு சரியில்லன்னு போன்ல சொல்வீங்க. அதையும் நான் நம்பல."

மச்சான் என் பக்கம் திரும்பி, "இந்தப் பொஸ்தகத்துக்கு எத்தன மார்க்கு?" என்று கேட்டார்.

"நாலு. நடுவுல நிக்கிறவங்க மூஞ்சிய மடிப்புல முழுங்கிருது மச்சான்."

"அது சரிதான்" என்றார்.

பேனாவை எடுத்து நாலை மூன்றாக்கினேன்.

கிளம்பும்போது அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "மாப்ள, அந்தப் படத்த வச்சுட்டுப் போறீங்களா?" என்றார்.

இந்தத் தடவை சரியாகக் காதில் விழுந்தது. முதுகொடிந்த புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டோடு வண்டியில் ஏறினேன்.