மோர் வீட்டுக்கு வெளியே பெய்த மழை

ஒரு கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று நோட்டீஸ் கொடுக்கும் முன், அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இது விதி. பிரிவு எண்ணையும் என்னால் சொல்ல முடியும். முப்பத்து நான்கு வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். ஆனால் அடியார்கள் இதைப் படிப்பது அதற்காக அல்ல.

எங்கள் வீதியில் தேர் திரும்பும் முனையில் இருப்பது மோர் வீடு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சுண்ணாம்புக் கட்டடம். தேர் இழுப்பவர்களுக்கு அந்தக் குடும்பத்தார் வழிவழியாக மோர் ஊற்றுவதால் அந்தப் பெயர். 1982-இல் அங்கே பாக்கியம்மாள் தனியாக இருந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம். வீட்டில் பாதிப் பங்கு மெட்ராஸில் இருந்த கொழுந்தனாருக்கு. அவருக்கு அந்த இடத்தில் லாட்ஜ் கட்ட ஆசை. அண்ணி காலி செய்ய மறுத்தார்.

ஜூலையில் நோட்டீஸ் வந்தது. எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. கட்டடம் அபாயகரமானது, இடிக்கப்படும். ஓவர்சியர் நேரில் பார்வையிட்டதாகவும் அதில் இருந்தது. அவர் அந்த வாசல்படி ஏறியதை எங்கள் வீதியில் ஒருவரும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தேன். நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். மேல்முறையீடு செய்தேன். ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன.

"சார், இவ்ளோ அழகா எழுதுறீங்களே, அதை அங்க யாருனா படிக்கிறாங்களா?" என்று பாக்கியம்மாள் ஒருநாள் கேட்டார்.

அப்படிப்பட்ட மனுக்களை நானே எத்தனையோ கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

தீபத் திருவிழா முடிந்த மறுவாரம் இடிப்பதாக ஐப்பசியில் முடிவானது. பாக்கியம்மாள் பாத்திரங்களை மூட்டை கட்டினார். மோர்ப் பானைகளை மட்டும் வெளியே வைத்திருந்தார். இந்த வருஷத்துக்கு ஊற்றிவிட்டுப் போகிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மலை சுற்றப் போனேன். அதுவரை சாமியிடம் எதையும் கேட்டவன் இல்லை, கும்பிடுவேன், வந்துவிடுவேன். அடி அண்ணாமலை கோயிலில் நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்கத் தெரியவில்லை. யாராவது ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும் என்று மட்டும் வேண்டினேன். ஆண்டவனிடம் போயும் விதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை, திருவிழாவுக்கு முன் வழக்கமாக நடப்பதுபோல், அதிகாரிகள் தேர் வீதிகளை நடந்து பார்க்க வந்தார்கள். முன்னால் வருவாய்க் கோட்டத்துக்குப் பொறுப்பான ஆர்.டி.ஓ., பின்னால் மற்றவர்கள். சரியாக எங்கள் முனைக்கு வந்ததும் மழை கொட்டியது. எல்லாரும் மோர் வீட்டுக்குள் ஓடினார்கள். முதலில் ஓடியவர் ஓவர்சியர்.

முக்கால் மணி நேரம் மழை விடவில்லை. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாக்கியம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுத்தார். நான் குடையோடு போய் நோட்டீஸை ஆர்.டி.ஓ.விடம் நீட்டினேன். அவர் படித்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஓவர்சியரைப் பார்த்தார்.

"இடிஞ்சி விழப்போற வீடுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் எந்த தைரியத்துல முதல் ஆளா உள்ள வந்தீங்க?"

"மழை ஜாஸ்திங்க சார்" என்றார் ஓவர்சியர், டம்ளரைக் கீழே வைக்காமல்.

பாக்கியம்மாள் சிரித்துவிட்டார். கணவர் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இடிப்பதை அங்கேயே நிறுத்தச் சொன்னார் ஆர்.டி.ஓ. பிறகு இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, இன்னும் பல காலம் நிற்கும் என்று எழுதினார். அந்த வருடமும் தேர் அந்த முனையில் நின்றது. பாக்கியம்மாள் மோர் ஊற்றினார்.

ஐப்பசியில் மழை பெய்யும், எனக்கும் தெரியும். அந்த முனையில், அந்த நிமிஷத்தில் ஏன் பெய்தது என்பதற்கு என்னிடம் ஃபைல் இல்லை. இப்போதெல்லாம் யாராவது மனு எழுதிக் கேட்டால், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். உத்தியோகத்தில் இருந்தபோது செய்யாததற்கு அண்ணாமலையாரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

கஷ்டத்தில் இருக்கும் அன்பர்களே, அவரிடம் சொல்லுங்கள். நகல் வேண்டாம், முத்திரை வில்லை வேண்டாம். எனக்கு இரண்டே நாளில் பதில் கொடுத்தார். நோட்டீஸ் ரத்து என்று ஆபீசிலிருந்து என் மனுவுக்குப் பதில் வந்தது 1983 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை.