பார்ப்பதற்கு மட்டும் அனுமதி

மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்து, பிரெஞ்சு கற்று, கல்லூரியில் கணினி படித்த றெபேக்காவுக்கு சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கிடைத்த வேலை இதுதான்: பரிசோதனை முடிவுகள் சேரும் டேட்டாபேஸுக்கு இரவில் காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா என்று காலையில் திரையில் பார்ப்பது. பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். கைவைக்க அவளுக்கு அனுமதியில்லை.

2006 கோடையில், அந்தக் கணினிகளைக் கட்டிக் காத்த ஞானேந்திரனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் திரை சிவந்திருந்தது: அனுமதி மறுக்கப்பட்டது. அவள் அவருக்குப் போன் எடுத்தாள்.

“அந்தப் பிரதி எடுக்கிற வேலை என்ரை கொம்பியூட்டர் கணக்கிலைதானே ஓடினது, பிள்ளை. என்னை நிப்பாட்டின கையோடை அதையும் மூடிப்போட்டாங்கள். பிரதி எடுக்கிறதுக்கெண்டு தனிக் கணக்குக் கேட்டுக் கேட்டு வாய் உளைஞ்சு போச்சு. தரேல்லை. பேந்து மாத்துவம் எண்டு என்ரையைப் போட்டு விட்டன்.”

“இப்ப என்ன அண்ணை செய்யிறது?”

“என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லு!” சிரித்தார். சிரிப்பு நீளவில்லை. “வாயாலை சொல்லாதை. எழுது. எழுதினது நிக்கும்.”

ஒரு மனிதனின் கணக்கை மூட ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. புதிதாக ஒன்றைத் திறக்கவோ, தலைமையகம் மேலாளரின் ஒப்புதலைக் கேட்டது. மேலாளர் தலைமையகத்தின் பதிலுக்குக் காத்திருந்தார். றெபேக்கா ஒவ்வொரு காலையும் எழுதினாள். ஒவ்வொரு காலையும் சிவப்பு.

“அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துமன். துலைஞ்சதைத் தேடித் தாறவரெல்லோ,” என்றான் கணவன் டனிஸ்ரன்.

“இன்னும் துலையேல்லையப்பா. துலையப் போகுது. அதைத் தடுக்க ஆர் இருக்கினம்? அவருக்கும் என்னைப் போலை, பாக்க மட்டும்தான் அனுமதி.”

ஓகஸ்டில் டேட்டாபேஸ் இருந்த வட்டு செத்தது. கோடை முழுவதும் செய்த மருந்துப் பரிசோதனைகளின் முடிவுகள் அதோடு போயின. மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார். தலைமையகத்திலிருந்தும் ஒருவர் வந்திருந்தார்.

“தினமும் திரையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார் மேலாளர்.

“பார்த்தேன்.”

“அப்படியானால், பிரதி இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.”

தெரிந்திருந்ததே குற்றமாயிற்று. தெரிந்துகொள்ள மறுத்தவர்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள்.

“தினமும் உங்கள் இருவருக்கும் எழுதினேனே!”

“அப்படி எதையும் நாங்கள் பார்த்ததாக நினைவில்லை.”

“என் மின்னஞ்சலில் எல்லாம் இருக்கிறது. இப்போதே காட்டுகிறேன்.”

ஓட்டமும் நடையுமாகத் தன் மேசைக்கு வந்து கடவுச்சொல்லைத் தட்டினாள். ஏற்கவில்லை. எழுத்து ஏதோ தவறியிருக்கும் என்று எண்ணி, ஒவ்வோர் எழுத்தாக மறுபடி தட்டினாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: உதவிக்கு உங்கள் மேலாளரை அணுகவும்.