என் லென்ஸும் அந்த வேற ஒரிஜினலும்

ஒரே மாதிரி லென்ஸ் ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். மண்டபங்களில் மற்ற போட்டோக்காரர்கள் பையைத் திறந்தால் ஒரே லென்ஸ் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று என்பார்கள். "ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவனுக்குத்தாம்பா ஸ்பேர்" என்பேன். என் வயதைப் பார்த்து அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வாய்க்கொழுப்புக்கு எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு முன் அறைதான் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் முன்னால் உட்கார்ந்தால் பெண்கள் முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வைத்துக்கொள்வார்கள். நான் கேமராவைக் கையில் வாங்கிய பிறகுதான் சிரித்தார்கள். அப்படித்தான் சந்து முழுக்க எனக்கு "போட்டோ அம்மா" என்று பெயர் வந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் நின்றது.

என்னோடு இருப்பது அவருடைய தங்கை. என் நாத்தனார். கட்டிக்கொடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டவள். முப்பது வருஷமாக ஒரே பானைச் சோறு. அவளுக்கு இங்கிலீஷும் கன்னடமும் எழுதப் படிக்க வரும். எனக்குத் தமிழே மூன்றாம் வகுப்போடு சரி, மற்றபடி எண்கள் தெரியும். அதனால் போன், கம்ப்யூட்டர், ஆல்பம் எல்லாம் அவள் பக்கம். படம் என் பக்கம். விசேஷங்களில் அவள் விளக்குப் பிடிப்பாள், கூட்டத்தை வேறொரு லென்ஸில் எடுப்பாள். முகம் மட்டும் நான்தான் எடுப்பேன்.

முகத்துக்கென்று ஒரு லென்ஸ் வைத்திருந்தேன். எண்பத்தைந்து என்று அதன் மேல் எழுதியிருக்கும். வீட்டுக்காரர் எனக்காகப் புதிதாக வாங்கி வந்தது. வந்த அன்றே அதைச் சோதித்தார். சப்பாத்தி மாவை உருட்டி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி வளையலை ஊன்றி நிறுத்தினார். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பத்து வளையல். ஐந்தாவது வளையலைக் குறி வைத்து எடுத்தால், படத்தில் நாலாவது வளையல் தெளிவாக வந்தது, ஐந்தாவது மங்கல். மறுபடி எடுத்தார். மறுபடியும் அப்படியேதான்.

"இது முன்னாடி பாக்குது. மாத்திட்டு வந்துடறேன்" என்றார்.

"வேணாம். அது முன்னாடி பாத்தா நான் முன்னாடி போறேன்" என்றேன்.

அதன் முகங்கள் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. வெயில் தணிந்த பிறகு இருக்கிற மஞ்சள் அதில் வரும். ஆகையால் அந்தக் கோணலுக்கு நான் என்னைப் பழக்கிக்கொண்டேன். கண்ணைக் குறி வைத்து, மூச்சை விட்டு, இரண்டு விரல் அளவு முன்னால் சாய்ந்து, அமுக்குவேன். தெளிவு கண்ணில் போய் நின்றுவிடும். கொஞ்ச வருஷத்தில் சாய்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. செருப்பு காலுக்குப் பழகின பிறகு அதன் தேய்மானம் யாருக்குத் தெரிகிறது? மண்டபத்தில் மற்றவர் லென்ஸோடு மாறிவிடக் கூடாது என்று அடிப்பக்கத்தில் நகப் பாலிஷில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். எழுத்து சரியாக வராதவள் வைத்த பெயர் அது.

நாத்தனார் பலமுறை சொன்னாள். "அண்ணி, இதே லென்ஸ் இன்னொண்ணு வாங்கி வச்சுக்கலாம். கீழ விழுந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"என் கையில இருந்து விழாது."

"கை எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி."

"அப்ப நீ தொடாத."

இப்படித்தான் பேசினேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஆடி மாதம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் புரை. தூசியும் வெளிச்சமும் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள். தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, சொட்டு மருந்து விடுவாள். ஒரு துளி கன்னத்தில் வழியாது. அப்படிப்பட்ட கை. நான் படுத்திருந்த நாட்களில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவுக்கு அவளே தனியாகப் போய் வந்தாள். வந்தவள், "உங்க லென்ஸ்ல பூஞ்சை மாதிரி இருந்துச்சு அண்ணி, சிவாஜிநகர் பாய்கிட்ட கிளீன் பண்ணக் குடுத்திருக்கேன்" என்றாள். மழைக்காலம். பூஞ்சை வரும்தான். சரி என்றேன்.

லென்ஸ் திரும்பி வந்தது. சிவப்புப் பொட்டு இருந்தது. வளையம் கொஞ்சம் இளக்கமாகச் சுழன்றது. பாய் எண்ணெய் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் முதலில் ஒரு காதுகுத்து. படத்தில் குழந்தையின் காதும் கம்மலும் கல்லில் செதுக்கினது போல இருந்தன, கண் லேசாக மங்கித் தூங்கியது. விசேஷமே காதுக்கு என்பதால் வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். நான்தான் உள்ளுக்குள் முழித்தேன். அடுத்தது கல்யாணம். அதில் மானம் போயிற்று. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த பெண்ணின் அம்மா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏம்மா, ஜிமிக்கிக்கா கல்யாணம் பண்ணோம்? ஜிமிக்கி பேசுது, பொண்ணு தூக்கத்துல நடக்குறா!"

கூட வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரம்மா கன்னடம். அவள் குரலைத் தாழ்த்தி, "அஜ்ஜிகெ கண்ணு காணிசல்ல, பாப" என்றாள். பாட்டிக்குக் கண் தெரியவில்லை, பாவம் என்று. எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பாவம் என்று சொன்னவளை என்ன செய்வது?

நாத்தனார் என் தோளில் கை வைத்து, "ஆபரேஷன் ஆகி இப்பதான எந்திரிச்சாங்க, மன்னிச்சுக்கங்க" என்றாள். நல்லபடியாக எடுத்த தன்னுடைய படங்களைத் திறந்து காட்டினாள். அவர்கள் அதிலிருந்து பொறுக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் எடுத்தது எல்லாம் அப்படியே. காது தெளிவு, கண் மங்கல். நாலு முறை கண் டாக்டரிடம் போனேன். நாலு முறையும் அவள் கூட வந்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்று எண்கள் போட்ட அட்டையைக் காட்டுவார்கள். கடைசி வரிசை வரைக்கும் சொல்வேன். கடைசி முறை டாக்டர் சிரித்துவிட்டார்.

"அம்மா, உங்களுக்குக் கழுகுக் கண்ணு. வறட்சிக்கு அந்தச் சொட்டு மருந்தை மட்டும் விடாம போட்டுக்கங்க. என் நேரத்தை வேற யாருக்காவது குடுங்க."

வெளியே வந்து ஆட்டோவில் அழுதேன். கண் நன்றாக இருக்கிறதென்றால் கை போய்விட்டது என்றுதானே அர்த்தம். கையும் இல்லையென்றால் புத்தி. "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணி. நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் எடுக்கறேன்" என்றாள். சரி என்று கேமராவைக் கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நான் விளக்குப் பிடித்தேன், அவள் முகம் எடுத்தாள். போனில் இப்போது அவளைத்தான் கேட்டார்கள். சாயந்திரமானால் மடியில் தலையைச் சாய்த்து மருந்து விட்டாள்.

தை பிறந்து ஒரு நாள் அவள் ஆல்பம் வாங்க வெளியே போயிருந்தாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உருண்டை பிடிக்கும்போது அந்த வளையல் ஞாபகம் வந்தது. கையைக் கழுவினேன். முக்காலியைப் போட்டேன். கேமராவை அதில் பூட்டி, மேஜையில் மாவு உருண்டைகளை வைத்து, வளையல்களை ஊன்றினேன். முக்காலிக்குக் கை நடுங்காது, வயசும் கிடையாது. என் லென்ஸ் என்றால் நாலாவதுதான் தெளிவாக வர வேண்டும்.

ஐந்தாவது வந்தது.

ஆறு முறை எடுத்தேன். ஆறு முறையும் ஐந்தாவது வளையல், கீறல் வரைக்கும் தெரிந்தது. பிறகு கேமராவைக் கழற்றிக் கையில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வளையல்தான் தெளிவு. அப்போதுதான் என் உடம்பு முன்னால் சாய்வதை நானே பார்த்தேன். லென்ஸ் நேராகப் பார்க்கிறது, நான்தான் பழைய கோணலுக்குச் சாய்ந்து காதைப் போய்த் தொட்டிருக்கிறேன்.

லென்ஸை மடியில் கட்டிக்கொண்டு சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினேன். பாய் வயதானவர், எங்கள் வீட்டுக்காரர் காலத்துப் பழக்கம். இதே லென்ஸை முன்பு இரண்டு தடவை கழற்றி மாட்டியவர்.

"பாய், நீங்க கிளீன் பண்ணும்போது கோணலையும் சரி பண்ணிட்டீங்களா?"

அவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அரே அம்மா, என் பித்தளை ஸ்க்ரூ எங்க? உங்களுதுல ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சு நான் பித்தளையில போட்டேனே. இது உங்களுது நை."

"அப்ப இது டூப்ளிகேட்டா?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "க்யா அம்மா, டூப்ளிகேட் மால் நான் குடுப்பேனா? இதுவும் ஒரிஜினல்தான். வேற ஒரிஜினல். உங்க நாத்தனார் ஆடி மாசம் பழசைக் கொண்டாந்தாங்க, படியில விழுந்து முன் கண்ணாடி ரெண்டா போயிருந்துச்சு. இனிமே ஆகாதுன்னேன். இதே மாதிரி பாத்துக் குடுங்கன்னாங்க, தேடிக் குடுத்தேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே!"

"பொட்டு?"

"பொட்டு நான் வைக்கலை அம்மா."

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மேஜையில் நின்ற வளையல்களைப் பார்த்தபடி இருந்தாள். மாவு காய்ந்து வெடித்திருந்தது. நான் லென்ஸை எடுத்து வளையல் பக்கத்தில் வைத்தேன்.

"பழசு எங்க?"

அவள் உள்ளே போனாள். தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து, பழைய துண்டில் சுற்றியதை எடுத்து வந்தாள். திறந்தால் என் லென்ஸ். கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. பித்தளை ஸ்க்ரூவும் இருந்தது, என் பொட்டும் இருந்தது.

"பயந்துட்டேன் அண்ணி. நீ தொடாதன்னு சொன்னீங்க. தொட்டேன், விழுந்துடுச்சு. நீங்க ரெண்டாவதா ஒண்ணு வாங்க விட்டிருந்தா நான் பொய்யே சொல்லியிருக்க மாட்டேன்."

"விழுந்ததை விடு. படம் கெட்டுதே, அப்ப?"

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே லென்ஸு. அதுல என்ன வித்தியாசம் இருக்கும்னு நெனச்சேன். நிஜமாவே உங்க கண்ணுன்னுதான் நெனச்சேன்."

"டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதான நின்ன?"

அவள் வளையல் ஒன்றை மாவிலிருந்து பிடுங்கினாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருக்கணும். போன்ல என் பேரைச் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சிருந்தாங்க அண்ணி. முப்பது வருசமா போட்டோ அம்மாவோட நாத்தனாரு, லைட்டு புடிக்கிறவன்னுதான் கூப்பிட்டாங்க. மொத தடவையா என் பேரு."

அவள் சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியும். அதனால் என் மூன்று மாதம் திரும்பி வந்துவிடாது. லென்ஸ் உடைந்ததை மன்னிக்கலாம், கை தவறும். என் பாலிஷ் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து, என் பொட்டு எங்கே இருந்ததோ அதே இடத்தில், அதே அளவில் வைத்தாளே, அதில் கை தவறவில்லை. நான் என் கண்ணை, என் கையை, என் புத்தியை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஆட்டோவில் அழுதபோது, முந்தானையால் துடைத்துவிட்டவள் அவள். நல்ல கண் என்று தெரிந்தும், கெட்ட கண்ணுக்கு விடுகிற மாதிரி மருந்து விட்டவள்.

இப்போது யாராவது லென்ஸ் இரண்டு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பேன். உடைந்தால் மாட்ட மட்டும் இல்லை. ஒரே அச்சில் வந்த இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டாவது வேண்டும். முதலிலேயே ஜோடியாக வைத்துப் பழகியிருந்தால், கையில் எடுத்த உடனே இது வேறு என்று சொல்லியிருப்பேன். ஒன்றே போதும் என்று மார்தட்டியதால் அது எனக்கு உலகத்திலேயே ஒன்றாகிவிட்டது. அதன் இடத்தில் எதை வைத்தாலும் அதுதான் என்று நம்பினேன்.

பாயிடம் சொல்லி இன்னொன்றும் வாங்கிவிட்டேன். மாவு உருண்டையில் வளையல் நட்டுப் பார்த்தேன், அது பின்னால் பார்க்கிறது, அரை விரல். அதற்குப் பச்சைப் பொட்டு. முகம் மறுபடி நான்தான் எடுக்கிறேன். சாயாமல் எடுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு பழகினேன், தை முடியும்போது கண் கண்ணாக வந்தது. நாத்தனார் இங்கேதான் இருக்கிறாள், எங்கே போவாள்? அவளைக் கேட்டுப் போன் வந்தால் அவள் போகிறாள், அவளுக்கென்று தனி லென்ஸ் வாங்கிக்கொண்டாள். விளக்கு இருவரும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். ஒரே பானைச் சோறுதான் இன்னமும்.

சாயந்திரம் மருந்து நேரத்துக்கு அவள் பாயில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்துகொள்வாள். நான் கண்ணாடி முன்னால் போய் நின்று, நானே இமையைப் பிரித்து நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது.