எந்த எண்ணிலும் ஜெயிக்காதவள்

பீரோவைத் துடைத்த அம்மா, என் பழைய ரெஸ்லிங் கார்டுக் கட்டைக் குப்பைக்கூடையில் போடப்போனாள். பிடுங்கிக்கொண்டேன். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தது. அந்த வாடையில் சின்ன வயதில் இருந்த எங்கள் கண்டமங்கலம் வீடு திரும்பி வந்தது.

லீவு நாளெல்லாம் அண்ணனும் நானும் அதைத்தான் விளையாடுவோம். கார்டில் போட்டிருக்கும் எடை, உயரம் என்று ஒன்றைச் சொல்லி வைப்போம். பெரிய எண் யாருடையதோ, அவருக்கே இரண்டு கார்டும். கிராப்பு வெட்டிய ஒரு வீராங்கனை மட்டும் எந்த எண்ணிலும் ஜெயிக்க மாட்டாள். அவளை வாங்க இருநூறு கிலோ சாம்பியனையே அண்ணனிடம் கொடுத்தேன்.

"லூசாடி நீ?" என்றான்.

கரும்பு வெட்டிவிட்டு வந்த அம்மா, "எல்லாம் நடிப்பு. அதுக்கா அடிச்சிக்கிறீங்க?" என்றாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கிராப்பு வீராங்கனை ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதை அங்கேதான் படித்தேன். என்னைப் போல ஒருத்தி! விடுதிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கிழம வளவனூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. நீ பொம்ம கார்டு வச்சிக்கினு நிக்கிற," என்றாள் அம்மா, பீரோவைத் துடைத்தபடியே.

"இந்தக் கார்டுல இருக்கிறவங்க ஒரு பொண்ணத்தாம்மா கட்டிக்கினாங்க. நானும் அப்படித்தான். எத்தினி வாட்டி சொல்றது?"

"அதெல்லாம் நடிப்புடி."

"சண்டைதாம்மா நடிப்பு. வளவனூர்க்காரங்கள வர வேணாம்னு சொல்லு," என்று போனை எடுத்து அவள் கையில் வைத்தேன்.